வாவிக்கரையில் கூடி நடத்தல்: வாசகர் கேள்வி – பதில்

மட்டக்களப்பு நகரையும் அதன் சுற்றுப்புறக் கிராமங்களையும் குழுவாக நடந்து பார்ப்பது தொடர்பாக எமக்கு வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இவ்விதழில் பதில் அளிக்கப்படுகின்றது. ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்தால் அவர்களுள் ஒருவரின் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

எனது மகள் இங்கிலாந்தின் வடகடலோரத்தில் விட்பி என்னும் பழைய துறைமுக நகரில் வசிக்கிறாள். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் முன்பின் அறியாதவர்கள் பத்துப் பதினைந்து பேர் ஒன்றுகூடி, ஊரைச் சூழ்ந்த வயல்களின் ஊடாகவும் கடலோர மேடுகளிலும் மணிக்கணக்காக நடந்து திரும்புகிறார்களாம். கோட்டையும் கடலும் வாவியும் வயலும் நம் ஊரிலும் உள்ளனவே, அவ்வாறு நடப்பதற்கு இங்கு இடமுண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கல்லடி

நடப்பதற்கு இடம் தாராளமாக உண்டு. ஆனால் உங்கள் மகள் பிறருடைய வயலுக்குள் எவரையும் கேட்காமல் நடக்கிறார் என்றால், அது அந்த நாட்டுச் சட்டம் கொடுத்த உரிமையினால் நடப்பது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். அந்த உரிமையும் எளிதாகக் கிடைத்ததன்று. 1932 ஏப்ரல் 24 ஆம் திகதி, வேட்டைக்காக அடைத்து வைக்கப்பட்டிருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டில் சில நூறு தொழிலாளர்கள் வேண்டுமென்றே அத்துமீறி ஏறியதும், அவர்களுள் ஐவர் சிறைக்குச் சென்றதும் அதன் வரலாற்றில் அடங்கும். 1935 இல் நடப்போருக்கென்று நாடு தழுவிய சங்கம் அமைந்தது. 1949 ஆம் ஆண்டுச் சட்டம், மக்கள் வழக்கமாக நடந்துவந்த ஒற்றையடிப் பாதைகளை அளந்து வரைபடத்தில் ஏற்றும் கடமையை உள்ளூராட்சிச் சபைகளிடம் ஒப்படைத்தது. வயல் ஒருவருடையதாக இருக்க, அதனூடே செல்லும் பாதை எல்லோருக்கும் உரியதாக இருப்பது அந்த வரைபடத்தின் பலனாகும்.

நம்மிடம் அப்படிப்பட்ட வரைபடம் கிடையாது. பிரதேச சபை வீதிகள், வாய்க்காலை ஒட்டிய வண்டிப் பாதைகள், கடற்கரை ஆகியவற்றில் நடப்பதற்கு எவரும் தடை சொல்லப் போவதில்லை. குளக்கட்டுகளிலும் ஊர்மக்கள் நடமாடும் பகுதிகளில் நடக்கலாம். வட்டை எனப்படும் வயல்வெளிக்குள் இறங்குவது அவ்வாறன்று. வரம்பு என்பது நடப்பதற்காகப் போடப்பட்டதன்று. தண்ணீரை மறிப்பதற்காகப் போடப்பட்டது. ஈரமான வரம்பின் மேல் பத்துப் பேர் வரிசையாகச் சப்பாத்துடன் சென்றால் அது சரிந்து, மேல் வயலில் கட்டிவைத்த நீர் கீழ் வயலுக்கு இறங்கிவிடும். அதற்குள் இரண்டு நாட்களுக்கு முன்னர் வீசிய பசளையும் சேர்ந்து போய்விடும். ஆகவே வட்டைக்குள் செல்ல விரும்பினால் அப்பகுதியின் நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானையையோ விவசாய அமைப்பின் தலைவரையோ முதல்நாளே கண்டு சொல்லிவிட வேண்டும். நான் அறிந்தவரை, கேட்டுச் செல்பவர்களுக்கு மறுப்புச் சொல்லும் வழக்கம் இங்கு மிகக் குறைவு. உச்சிக்கு முன்னர் வாடியில் தேநீரும் கிடைக்கலாம்.

வருடத்தின் எந்த மாதங்களில் நடப்பது உகந்தது? கிழக்குக் கரைக்கு மே முதல் செப்டெம்பர் வரையான காலமே நல்லது என்று சுற்றுலா விளம்பரங்கள் கூறுகின்றனவே?
– வாசகர், செங்கலடி

அந்த விளம்பரங்கள் கடலில் குளிக்க வருபவர்களுக்காக எழுதப்பட்டவை. மே முதல் ஓகஸ்ட் வரை கடல் அமைதியாக இருக்கும் என்பது உண்மையே. ஆயினும் அதே மாதங்களில்தான் மேற்கிலிருந்து மலைகளைக் கடந்து வறண்டு வரும் கச்சான் காற்று வீசுகிறது. காலை ஒன்பது மணிக்குப் பின்னர் நிழலற்ற வெளியில் நிற்பதே கடினம் என்னும்போது நடையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. ஒக்டோபர் பிற்பகுதியிலிருந்து தை மாதம் வரை வடகீழ்ப் பருவமழை. வாவி பெருகி, தாழ்ந்த வீதிகள் மூழ்கி, வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விட வேண்டிய நிலை வரும் காலமும் அதுவே.

எனவே மழை ஓய்ந்த தை மாதக் கடைசியிலிருந்து பங்குனி இறுதி வரையான காலத்தை நான் தெரிவுசெய்வேன். பெரும்போக நெல் முற்றிச் சாய்ந்து அறுவடையாவதும், குளங்கள் நிரம்பியிருப்பதும், கூழைக்கடாக்களும் நத்தைகுத்தி நாரைகளும் வயலோர நீர்நிலைகளில் கூட்டமாக இறங்குவதும் அப்போதுதான். கச்சான் காலத்தில் நடந்தே ஆக வேண்டும் என்பவர்கள் விடியும் நேரத்தில் புறப்பட்டு எட்டரை மணிக்குள் திரும்பிவிடும்படி தூரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் இருபத்தைந்து வயதிலிருந்து அறுபது வயதுக்கு உட்பட்ட பன்னிரண்டு பேர் சேர்ந்திருக்கிறோம். எவருக்கும் நீண்ட தூரம் நடந்த பழக்கம் இல்லை. முதல் மூன்று நடைகளை எவ்வாறு அமைக்கலாம் என்று கூறுவீர்களா?
– வங்கி ஊழியர், மட்டக்களப்பு நகர்

பன்னிரண்டு பேர் என்பது நல்ல எண்ணிக்கை. இருபதைத் தாண்டினால் முன்னால் செல்பவர் சொல்வது பின்னால் வருபவருக்குக் கேளாது. வீதியைக் கடக்கும்போதும் குழு இரண்டாகப் பிரிந்துவிடும். வழி தெரிந்த ஒருவர் முன்னாலும், பொறுமையுள்ள ஒருவர் கடைசியிலும் நடக்க வேண்டும். கடைசி ஆளைத் தாண்டி எவரும் பின்தங்கலாகாது. வேகத்தை நிர்ணயிப்பவர் அறுபது வயதுக்காரராக இருக்கட்டும். தனியாக மணிக்கு ஐந்து கிலோமீற்றர் நடக்கக்கூடியவர் குழுவில், அதுவும் மணலில், மூன்று கிலோமீற்றருக்கு மேல் நகர மாட்டார் என்று கணக்கிட்டால் ஏமாற்றம் இராது.

முதல் நடையை புளியந்தீவில் கோட்டையிலிருந்து தொடங்குங்கள். ஒல்லாந்தர் கோட்டை என்று வழங்கினாலும் அதை 1628 இல் கட்டியவர்கள் போர்த்துக்கேயர். கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனோடு உடன்பட்டு வந்த ஒல்லாந்தர் 1638 இல் அதைக் கைப்பற்றினர். ஒல்லாந்தக் கப்பற்படைத் தலைவன் ஸ்பில்பேர்கன் கண்டியரசனைக் காண்பதற்காக 1602 இல் முதன்முதலாக வந்திறங்கியதும் இந்தக் கரையிலேயே என்பதைப் பாடசாலையில் படித்திருப்பீர்கள். ஆயினும் வாவி நீர் மதிலைத் தொடும் இடத்தில் நின்று பார்த்தால்தான், கடலிலிருந்து வரும் கப்பல் நேரே அணுக முடியாத இந்தத் தீவை ஏன் தெரிந்தெடுத்தார்கள் என்பது விளங்கும். அங்கிருந்து 1814 இல் வந்த மெதடிஸ்த மதபோதகர் வில்லியம் ஓல்ட் தொடக்கிய பாடசாலையின் தொடர்ச்சியான மத்திய கல்லூரியைப் பார்த்துவிட்டு, கோட்டைமுனைக்குப் பாலம் கடந்து, அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் தீர்த்தக் குளத்தடியில் சற்று இருந்து, பாலமீன்மடுவில் 1913 இல் கட்டப்பட்ட வெளிச்சவீட்டில் முடியுங்கள். வீதி வழியே ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர் வரும். திரும்புவதற்கு முச்சக்கரவண்டி கிடைக்கும். முதல் நாளே போய்வரும் தூரம் முழுவதையும் நடந்து காட்ட வேண்டிய அவசியமில்லை.

இரண்டாவது நடை அதே முகத்துவாரத்தின் மறுகரைக்கு. வெளிச்சவீட்டிலிருந்து பார்க்கும்போது கூப்பிடு தூரமாகத் தோன்றும் அந்த மணற்றிட்டுக்குப் பாலம் கிடையாது. வாய் அடைபட்டு மணல் தெரியும் காலத்திலும் அதன் மேல் கடக்க முயல்வது உயிருக்கு ஆபத்தானது. கல்லடிப் பாலத்தால் சுற்றியே வர வேண்டும். 1924 இல் திறக்கப்பட்ட பழைய இரும்புப் பாலத்தின் அருகே 2013 இல் புதிய பாலம் வந்ததன் பின்னர் நடப்போருக்குச் சற்று மூச்சுவிட இடம் கிடைத்திருக்கின்றது. பாலத்திலிருந்து திருச்செந்தூர் முருகன் ஆலயம், டச்பார், நாவலடி என்று ஒருபக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக நான்கைந்து கிலோமீற்றர் நீளும் அந்த ஒடுங்கிய நிலத்தில், 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை கொண்டுபோன குடும்பங்களின் நினைவிடங்கள் உள்ளன. அவ்விடத்தில் குழுப் படம் எடுப்பதைத் தவிர்க்கும்படி உங்களுள் இளையவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பங்குனிக்குப் பின்னர் சென்றால் கரைவலை இழுப்பதைக் காணலாம். வலைக்கயிறு இழுபடும்போது அதைத் தாண்டிக் கடக்காமல், இழுப்பவர்களுக்குப் பின்புறமாகச் சுற்றிச் செல்ல வேண்டும்.

மூன்றாவது நடையிலேயே வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குச் செல்லலாம். கல்முனை வீதியில் பேருந்தில் சென்று இறங்கி மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் ஆலயம் வரை நடப்பது நான் முதலில் பரிந்துரைக்கும் வழி. ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட அந்தப் பாலம் 2014 இல் திறக்கப்படும் வரை அங்கே படகுப்பாதையில்தான் மனிதரும் சைக்கிளும் நெல்மூட்டையும் கடந்தன. உங்கள் குழுவின் அறுபது வயதுக்காரரிடம் அதைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் போவது தெரியாது. கண்டல் மரங்களின் வேர்களுக்கிடையே இறால் பிடிப்பவர்களைப் பாலத்தடியில் காணலாம். பின்னர் வீதி வயல்வெளிக்குள் நுழைகின்றது. போர்த்துக்கேயர் முன்னிலையில் புல் உண்டு சாணமிட்டதாக ஊரவர் சொல்லும் கல் நந்தி அந்தக் கோயிலில்தான் உள்ளது. தேர்த் திருவிழா நாட்களில் நடை வைத்துக்கொள்ள வேண்டாம். அந்த நாட்களில் அடியார்களின் கூட்டத்தில் பன்னிரண்டு பேரை ஒன்றாக வைத்திருப்பது எவராலும் இயலாது.

பாடும் மீனைக் கேட்பதற்காக இரவு நடை ஒன்றை ஒழுங்கு செய்யலாமா?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

வேண்டாம். வாவி நீருக்கடியிலிருந்து எழும் அந்த ஒலி நடந்து கேட்பதன்று. சித்திரைக்குப் பின்வரும் மாதங்களில், பூரணையை அண்டிய இரவுகளில், கல்லடிப் பாலத்தருகே தோணியை அசையாமல் நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறு முனையைக் காதிலும் வைத்துக் கேட்பதே பழைய முறை.

பெண்கள் மாத்திரம் சேர்ந்து நடக்க விரும்புகிறோம். சுபஹுத் தொழுகைக்குப் பின்னர் புறப்பட்டு ஒன்பது மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, காத்தான்குடி

நேரத்தைச் சரியாகவே தெரிவுசெய்திருக்கிறீர்கள். உடையைப் பற்றி எழுதுபவர்கள் பலர் இருப்பதால் அதை விட்டுவிட்டு, எவரும் எழுதாத ஒன்றைச் சொல்கிறேன். வழியில் மலசலகூடம் இல்லை என்பதற்காகப் பெண்கள் தண்ணீர் குடிக்காமலேயே நடக்கிறார்கள். மணிக்கு ஏறத்தாழ அரை லீற்றர் நீர் வேண்டிய நமது வெயிலில் அதுதான் தலைச்சுற்றலுக்கும் மயக்கத்துக்கும் முதற் காரணம். ஆகவே பாதையைத் தீர்மானிக்கும்போது பார்க்க வேண்டிய இடங்களைக் குறிப்பதற்கு முன்னர், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை தங்கக்கூடிய ஒரு வீடு, பள்ளிவாசல், பாடசாலை அல்லது கோயில் மடத்தைக் குறித்துக்கொண்டு, அங்குள்ளவர்களிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். பையில் நீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூளான ஜீவனிப் பக்கெற்றுகள் இரண்டும் இருக்கட்டும்.

இரு ஊராரும் சேர்ந்த குழுவாக அமைத்தால் இன்னும் நன்று. காத்தான்குடியும் ஆரையம்பதியும் ஒரே வீதியில் அடுத்தடுத்து இருந்தும், ஒன்றின் உள்வீதிகளை மற்றதில் உள்ளவர்கள் அறியாத நிலை இன்னும் இருக்கின்றது.

வயலோரத்தில் நடக்கும்போது பாம்புக் கடிக்கும் எலிக்காய்ச்சலுக்கும் அஞ்ச வேண்டுமா? வெறுங்காலுடன் நடப்பது உடலுக்கு நல்லது என்றும் சிலர் கூறுகிறார்கள்.
– வாசகர், வாழைச்சேனை

கடற்கரை மணலில் வெறுங்காலுடன் நடங்கள், வயலில் வேண்டாம். எலிக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமி எலியின் சிறுநீர் கலந்த சேற்றுநீரில் இருந்து, காலில் உள்ள வெடிப்பு அல்லது கீறல் வழியாக உடலுக்குள் நுழைகின்றது. வேளாண்மை செய்பவர்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை டொக்சிசைக்ளின் மாத்திரை வழங்குவது அதைத் தடுப்பதற்காகவே. ஒரு நாள் நடைக்குச் செல்பவருக்கு மாத்திரையைவிட மூடிய சப்பாத்தும் சேற்றில் இறங்காத பழக்கமும் போதுமான காப்பாகும். எனினும் சேற்றில் கால் வைக்க நேர்ந்து, அடுத்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் கடுங்காய்ச்சலும் கெண்டைக்கால் தசை நோவும் கண்சிவப்பும் வந்தால், வயலில் நடந்ததை வைத்தியரிடம் மறவாமல் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதைச் சாதாரணக் காய்ச்சல் என்று எண்ணிவிட இடமுண்டு.

பாம்பைப் பொறுத்தவரை, நெல்வயலில் அஞ்ச வேண்டியது கண்ணாடிப் புடையனுக்கே. அறுவடைக் காலத்தில் எலியைத் தேடி வரும் அது, வைக்கோலின் நிறத்தோடு ஒத்திருப்பதால் மிதிக்கும் வரை தெரியாது. கடித்தால் வெட்டுவதும், இறுகக் கட்டுவதும், உறிஞ்சுவதும் கூடா. மோதிரம், காப்பு போன்றவற்றைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, நோயாளியை நடக்கவிடாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுவரும் வழக்கம் இரண்டாவது ஆளும் கடிபடுவதிலேயே முடிகின்றது.

நகரத்தவர்கள் கூட்டம் கூட்டமாக எங்கள் பகுதிக்கு வந்து வேளாண்மைக்குள் இறங்கிப் படம் எடுக்கிறார்கள்; பிளாஸ்டிக் போத்தல்களை வாய்க்காலில் போட்டுவிட்டுப் போகிறார்கள். யானை தெரிந்தால் அதன் அருகே போகிறார்கள். வெகுண்ட யானை இரவில் எங்கள் வீட்டுச் சுவரைத்தான் உடைக்கின்றது. உங்கள் சஞ்சிகையும் இதை ஊக்குவிக்க வேண்டுமா?
– விவசாயி, வெல்லாவெளி

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கின்றது. வாய்க்காலில் போட்ட போத்தல் மதகில் சிக்கினால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் போகாது என்பது நகரத்திலிருந்து வருபவருக்குத் தெரியாது. தெரியாது என்பதற்காக அது மன்னிக்கத்தக்கதாகிவிடாது. வட்டைக்குள் செல்லும் குழுக்கள் கொண்டுபோனதை எல்லாம் திரும்பக் கொண்டுவர வேண்டும். கதிர் வந்த வயலுக்குள் எக்காரணம் கொண்டும் இறங்கலாகாது.

யானையைப் பொறுத்தவரை உங்கள் பக்கமே நிற்கிறேன். அறுவடைக்கு முன்னர் நெல்லுக்காகவும், பின்னர் தாள் முளைக்காகவும் அவை காட்டோரக் கிராமங்களுக்கு வருகின்றன; அந்தியிலும் அதிகாலையிலும் அவற்றின் நடமாட்டம் மிகுதி. ஆகவே வெல்லாவெளி, போரதீவு, வவுணதீவுப் பகுதிகளின் காட்டோரங்களில் நடப்பவர்கள், கடற்கரையில் செய்வதுபோல விடியும் முன் புறப்படாமல், நன்றாக வெளிச்சம் வந்து ஊரவர் வயலுக்குப் போகத் தொடங்கிய பின்னரே புறப்பட்டு, பிற்பகல் மூன்று மணிக்குள் பேருந்து வீதிக்கு வந்துவிட வேண்டும். மின்வேலிக்கு அப்பால் எவரும் செல்லக் கூடாது. யானை நிற்பதாக ஊரவர் ஒருவர் சொன்னால் அன்றைய நடை அந்த இடத்தோடு முடிந்தது. குடும்பிமலையைப் பற்றி இளைஞர்கள் பலர் கேட்டு எழுதியிருந்தார்கள். அவர்களுக்கும் இதுவே பதில். அது யானைக்காடு, உரிய திணைக்களத்தின் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் அங்கே குழுவாகச் செல்வதற்கு நான் வழி எழுதித் தர மாட்டேன்.

இன்னொரு கடிதத்தில் கண்ணிவெடி பற்றிய அச்சம் இருந்தது. மட்டக்களப்பு மாவட்டம் 2017 இல் கண்ணிவெடி அகற்றப்பட்ட மாவட்டமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. ஆயினும் போர் நடந்த மண் என்பதால், துருப்பிடித்த இரும்புப் பொருள் எதைக் கண்டாலும் கை வைக்காமல் பொலிசாருக்கு அறிவிப்பதே முறை.

அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் நடக்கத்தக்க இடங்கள் உள்ளனவா? மேலும், எங்கள் நண்பர்கள் ஆறு பேர் இவ்வருடம் முதன்முதலாகக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்ல நினைத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை இவ்வாறு கூடி நடப்பது அதற்குப் பயிற்சியாகுமா?
– வாசகர், திருக்கோவில்

நீங்கள் இருக்கும் ஊரே நல்ல தொடக்கம். சித்திர வேலாயுத சுவாமி கோயிலின் முன்றிலிலிருந்து தெற்கே தம்பிலுவிலுக்கு எதிர்த்திசையில் கடற்கரையோரமாக விடியற்காலையில் செல்லலாம். இன்னும் தெற்கே இலங்கையின் கிழக்குக் கோடியான சங்கமன்கண்டி முனையும், அதன் உட்புறமாகக் குன்றின் மேல் பிள்ளையார் கோயிலும் உள்ளன. அந்தப் பகுதியும் யானை நடமாடும் இடமாகையால் பகலில் மட்டும் செல்ல வேண்டும்.

பாதயாத்திரைக்கு மாதம் ஒருமுறை நடப்பது போதாது. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து வேலுடன் புறப்படும் அடியார்கள் வாரக்கணக்காக நடந்து உங்கள் ஊர் வழியாக வரும்போது அவர்களுடைய கால்கள் பதப்பட்டுவிட்டிருக்கும். இடையில் சேர்ந்துகொள்பவர்களே கொப்புளத்தால் விழுகிறார்கள். மூன்று மாதங்களுக்கு முன்னரே தொடங்கி, வாரத்தில் மூன்று நாட்கள் ஐந்து கிலோமீற்றரிலிருந்து படிப்படியாகக் கூட்டி, கடைசி மாதத்தில் அடுத்தடுத்த இரண்டு நாட்களும் பதினைந்து கிலோமீற்றர் நடந்து பாருங்கள். முதல் நாள் நடப்பது எவருக்கும் முடியும். இரண்டாம் நாட் காலையில் எழுந்து நடக்க முடிகின்றதா என்பதே தேர்வு. வெறுங்காலுடன் செல்வதாக நேர்ந்திருந்தால் பயிற்சியின் ஒரு பகுதியையும் வெறுங்காலுடன், சுடுமணலில் செய்ய வேண்டும்.

உகந்தைமலை முருகன் கோயிலுக்கு அப்பால் குமனை, யால காடுகளின் ஊடாகக் குமுக்கன் ஆற்றைக் கடந்து செல்லும் பகுதியில் கடையோ வைத்தியசாலையோ இல்லை. ஆறு பேரும் தனித்தனியே சமையல் பாத்திரம் சுமக்காமல் ஒன்றைப் பகிர்ந்துகொண்டு, ஒவ்வொருவரின் சுமையும் தண்ணீர் நீங்கலாக ஐந்து கிலோவுக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரிசி, பருப்பு, உப்பு, கருவாடு இல்லாத சம்பல், காலுக்கு எண்ணெய், உறங்க ஒரு சாரம் ஆகியன போதும். காட்டில் தனித்து நடக்காமல் பெரிய குழு ஒன்றின் பின்னால் சேர்ந்துகொள்வது வழக்கமும் பாதுகாப்பும் ஆகும். காட்டுவழி திறக்கப்படும் நாளும் மூடப்படும் நாளும் ஆடித் திருவிழாவின் கொடியேற்றத்தை ஒட்டி ஒவ்வோர் ஆண்டும் மாறுவதால், மாவட்டச் செயலகத்தின் அறிவித்தல் வெளிவந்த பின்னரே ஆறு பேரும் விடுமுறைக்கு விண்ணப்பியுங்கள்.